பம்ப் ஏன் நின்றது? முதலியார்பேட்டை மாடியில் ஐந்து கம்பிகளோடு ஒரு வாரம்

சிரிஞ்சு பம்ப் என்று ஒரு கருவி உண்டு. ஐ.சி.யூ.வில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போனவர்கள், கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில் அதைக் கவனித்திருக்கலாம். மருந்து நிரப்பிய ஊசிக்குழாயைப் படுக்கவைத்திருப்பார்கள். அதன் பின்பக்கத்தை ஒரு சின்ன மோட்டார் மெல்ல மெல்லத் தள்ளும். மணிக்கு 2 மில்லி என்று பட்டனை அழுத்தினால் 2 மில்லிதான் போகும். நர்ஸ் கையால் அவ்வளவு நிதானமாகத் தள்ள முடியாது என்பதால்தான் இந்தக் கருவியே.

அந்த மோட்டாரை ஓட்டுவது விரல்நகம் அளவுள்ள ஒரு சிப். அதற்குள் ஒரு புராசஸர், அதற்குள் ஒரு புரோகிராம். வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் மீட்டர், கரன்ட் மீட்டர் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. செல்போன் ஹேங் ஆனால் திட்டிவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். சிரிஞ்சு பம்ப் ஹேங் ஆனால் என்ன செய்வது?

புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மாடி அறை ஒன்றில் இந்தக் கேள்வி ஒரு வாரம் தங்கியிருந்தது. அங்கே இருந்தவர் 26 வயதுப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். பெயர் வேண்டாம் என்றார். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

மேஜையில் இருந்தது பம்ப்பின் மாதிரி போர்டு. பச்சை அட்டை, நடுவில் சிப், ஓரத்தில் திரை. நன்றாகத்தான் ஓடும். ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒருமுறை, தானே உறைந்துபோகும். உடனே 'வாட்ச்டாக்' என்ற காவல் சுற்று விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும். மொத்தம் நான்கைந்து விநாடி. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதானேம்மா. வாட்ச்டாக் பாத்துக்கும். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடு" என்றார் மேலாளர்.

அவர் போடவில்லை. காரணம் எளிமையானது. மறுபடி தொடங்கும்போது, அதுவரை எத்தனை மில்லி போனது என்ற கணக்கும் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. பம்ப் கணக்கை மறந்தால் நர்ஸும் மறக்க வேண்டியதுதான். "எதனால நிக்குதுன்னு தெரியாம, 'சரியா இருக்கு'ன்னு எப்படி சார் எழுதறது?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கிடைத்தது. கூடவே, அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு டிரேஸ் கருவியும். அதை வெள்ளி மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்த டிரேஸ் என்பது என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

புரோகிராமில் தப்பு தேடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, ஓடுகிற புராசஸரை ஓர் இடத்தில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்ப்பது. அதற்கென்று இரண்டு கம்பி போதும். இந்த வழக்கத்துக்கு வயது நாற்பது. சிப்பின் கால்கள் பொடிப்பொடியாகச் சுருங்கி, சோதனை ஊசியால் தொட முடியாமல் போன காலத்தில், 1985-ல் சில கம்பெனிகள் கூடி, உள்ளிருந்தே சிப்பைச் சோதிக்க ஒரு வழி வகுத்தன. 'ஜேடேக்' என்ற பெயரில் 1990-ல் அது பொது விதியானது. இன்று பயன்படும் இரண்டு கம்பி முறை அதன் தம்பி மாதிரி.

அவரும் அப்படி நிறுத்திப் பார்த்தார். உறைந்த நேரத்தில் புராசஸர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. திரை 'தயார்' என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. முடிவே இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது. சரி, அங்கே எப்படி வந்து மாட்டிக்கொண்டது? அதற்குப் பதில் இல்லை. விபத்து நடந்த இடத்துக்கு மறுநாள் போய் நிற்பது போலத்தான். வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தார் ரோடு சொல்லாது.

வழியைத் தெரிந்துகொள்ள, புரோகிராமின் நடுநடுவே 'இங்கே வந்துவிட்டேன்' என்று எழுதும் வரிகளைச் சேர்த்தார். தப்பு மறைந்துவிட்டது! ஐந்து நாள் ஓடவிட்டும் உறையவில்லை. அந்த வரிகளை எடுத்தார். உறைந்தது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய எரிச்சல். சேர்க்கிற ஒவ்வொரு வரியும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். மைக்ரோ விநாடிக் கணக்கில் நடக்கும் மோதலுக்கு அந்தக் கொஞ்சமே போதும், மோதாமல் விலகிப்போக.

டிரேஸ் இங்கேதான் உதவும். புராசஸரை நிறுத்துவதில்லை, புரோகிராமில் எதையும் சேர்ப்பதும் இல்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் தனிச் சுற்று ஒன்று, புராசஸர் எந்த வழியாகப் போகிறது என்பதைக் குறிப்பெடுத்து, ஓடும்போதே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஐந்து கம்பிகள். நான்கில் தகவல், ஒன்றில் தாளம். கிளாக் என்பார்கள். தாளம் தட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு கம்பிகளிலும் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருக்கும் கருவி படிக்க வேண்டும். கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஏறும்போதும் படிக்க வேண்டும், இறங்கும்போதும் படிக்க வேண்டும். ஒரு தகவல் நிற்கும் நேரம் 10 நானோ விநாடி. அந்தப் போர்டில் மின்துடிப்பு ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியானால், ஒரு சாண் கேபிள்கூடக் கணக்கில் வரும் தூரம்தான்.

திங்கட்கிழமை கருவியை மாட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

செவ்வாய் முழுக்கக் கருவியின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். நிறுத்துவது, தொடங்குவது, நினைவகத்தைப் படிப்பது எல்லாம் நடக்கிறது. டிரேஸ் மட்டும் இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. இரண்டு இணைப்பும் ஒரே பிளக்கில்தான் வருகின்றன. ஒன்று வேலை செய்தால் கேபிள் சரி என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். ஆனால் நிறுத்தும் கம்பிகள் வேறு, டிரேஸ் கம்பிகள் வேறு. முன்பக்கக் கதவு திறந்திருப்பதால் கொல்லைக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

புதன்கிழமை காலை பழைய ஆசிலாஸ்கோப்பை எடுத்துவைத்து, கிளாக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். நேர்கோடு. தாளமே இல்லை. தாளம் இல்லாமல் மற்ற நான்கு கம்பிகளை ஆராய்வதில் அர்த்தமில்லை.

காரணம் புரோகிராமிலேயே இருந்தது. சிப்பின் ஒரு காலுக்கு ஒரு வேலை மட்டும் இல்லை. அதே கால் விளக்கை எரிக்கலாம், பட்டனைப் படிக்கலாம், டிரேஸும் அனுப்பலாம். எந்த வேலை என்று புரோகிராம்தான் சொல்ல வேண்டும். பம்ப்பின் புரோகிராம் தொடங்கியதும் முதல் காரியமாக, பேட்டரி மிச்சமாகட்டும் என்று, பயன்படாத கால்களையெல்லாம் தூங்கவைத்தது. டிரேஸ் கருவி அந்தக் கால்களை எழுப்பிவிடும். ஒரு கணத்தில் புரோகிராம் மறுபடி தூங்கவைக்கும். ஐந்து கால்களை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார். கிளாக் துடித்தது. குறிப்புகள் வரத் தொடங்கின.

வந்தவை குப்பை. புராசஸர் இல்லாத முகவரிக்குப் போனதாகச் சொன்னது. வராத வரியை ஓட்டியதாகச் சொன்னது. நடுநடுவே 'பிழை, பிழை' என்று சிவப்பு.

அப்பா மேலே வந்தது அன்று சாயங்காலம். ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர். 1898-ல் தொடங்கிய அந்த ஆலை 2020-ல் மூடப்பட்டது. முதலியார்பேட்டையில் மில்லோடு ஏதாவது ஒரு தொடர்பு இல்லாத பழைய குடும்பம் குறைவு. தறியில் ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். தறி தானே நிற்கும். ஆயிரக்கணக்கான நூலில் எது அறுந்தது என்று தேடி அலைய வேண்டாம்.

மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது இது: "எங்களுக்கும் இப்படி வரும். நூலே அறுந்திருக்காது, தறி நிக்கும். தகட்டுக்கு அடியில பஞ்சு அடைஞ்சிருக்கும்."

"அதைத்தான்ப்பா மூணு நாளா தொடச்சிக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இந்தக் கதையில் அப்பா ஒரு வார்த்தை சொல்லி மகளுக்குப் பொறி தட்டியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பம்ப்பில் தப்பு இருக்கிறதா என்பதை ஓரமாக வைத்துவிட்டு, பம்ப்பைப் பற்றிச் சொல்லும் கம்பியில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது.

அதற்கு அவர் செய்த சோதனைகள் எந்தப் பெரிய கருவியும் கேட்காதவை. நான்கு தகவல் கம்பியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு கம்பியில் மட்டும் அனுப்பச் சொல்லலாம். மெதுவாக வரும், அவ்வளவுதான். ஒரு கம்பியில் அனுப்பச் சொன்னார். சுத்தமாக வந்தது. இரண்டு கம்பி. அதுவும் சுத்தம். நான்கு. குப்பை. ஆக முதல் இரண்டும் நிரபராதிகள். மூன்றாவதோ நான்காவதோதான்.

ஒரு கம்பியிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. புராசஸர் ஓடும் வேகத்துக்கு ஒரு கம்பி ஈடுகொடுக்காது. சிப்புக்குள் இருக்கும் சிறிய கிடங்கு நிரம்பி வழிந்து, குறிப்புகள் நடுநடுவே தொலையும். தொலைவது எந்த இடம் என்று சொல்ல முடியாது. நமக்குத் தேவையான அந்த ஒரு கணமாகவே அது இருக்கலாம்.

அடுத்த சோதனை வேகம். கிளாக்கைப் பாதிக்கும் கீழே குறைத்து, நான்கு கம்பியிலும் அனுப்பச் சொன்னார். சுத்தமாக வந்தது! இந்த ஒரு விடைக்குள் நிறைய இருக்கிறது. கம்பி அறுந்திருந்தாலோ, இடம் மாறியிருந்தாலோ, மெதுவாக அனுப்பினாலும் குப்பைதான் வரும். மெதுவாக அனுப்பும்போது சரி, வேகமாக அனுப்பும்போது தப்பு என்றால், கம்பி சரியான இடத்துக்குத்தான் போகிறது, போகிற வழியில் துடிப்பு மழுங்குகிறது.

மழுங்குவதற்கு முதல் சந்தேகம் கேபிள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ரிப்பன் கேபிள் ஓர் அடி நீளம். அதை எடுத்துவிட்டு, நான்கு விரல் நீளத்தில் ஒன்றை மாட்டினார். கிரவுண்ட் கம்பி ஒவ்வொரு துடிப்புக் கம்பிக்கும் பக்கத்திலேயே போகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிழைகள் பாதியாகக் குறைந்தன. போகவில்லை. பாதி குறைவது இந்த வேலையில் மிக ஆபத்தான பலன். இன்னும் கொஞ்சம் கேபிளைக் குறைத்தால் போய்விடும் என்ற ஆசையில் ஒரு நாள் ஓடிவிடும்.

அவர் ஆசைப்படாமல் ஆசிலாஸ்கோப்பிடம் திரும்பினார். மூன்றாவது கம்பியில் துடிப்பு செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கியது. நான்காவதில் மலைச்சரிவு மாதிரி சாய்ந்து ஏறியது. முழு உயரத்தைத் தொடுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது.

போர்டின் வரைபடத்தில் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து போனார். சிப்பிலிருந்து கிளம்பிய கோடு, டிரேஸ் பிளக்குக்குப் போகும் வழியில் கிளை பிரிந்தது. பின்னாளில் இன்னொரு விளக்கு வைக்கத் தோன்றினால் இருக்கட்டும் என்று யாரோ போட்ட கிளை. போர்டின் மறு ஓரம் வரை ஓடி, இரைச்சலைத் தடுக்க வைத்த ஒரு குட்டி கெபாசிட்டரில் முடிந்தது. விளக்கு வரவே இல்லை. கெபாசிட்டர் மட்டும் அங்கே உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தது.

கிளை பிரியும் இடத்தில் ஒரு பூஜ்ய ஓம் ரெசிஸ்டர். எதையும் தடுக்காத தடை! கேட்க வேடிக்கையாக இருக்கும். தேவைப்பட்டால் பாலம், தேவையில்லாவிட்டால் எடுத்துவிடலாம் என்பதற்காக வைப்பது. வியாழன் பகல், சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கமும் சூடு காட்டி, எள் அளவு இருந்த அதை ட்வீசரால் எடுத்து ஒரு டப்பா மூடியில் போட்டார். முழு வேகம், நான்கு கம்பி. சிவப்பு இல்லை.

இத்தனைக்கும் பிறகு பம்ப்பின் உண்மையான தப்பைத் தேடும் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்குவதுதான் கஷ்டம் என்கிறார். மூன்று நாள் என்ன செய்தாய் என்று கேட்டால், ஒரு எள்ளை எடுத்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

'எப்போதாவது ஒரு தடவைதானே' என்று விட்டதற்கு ஒரு பெரிய உதாரணம் செவ்வாய் கிரகத்தில் இருக்கிறது. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே கொண்டாடியது. சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை அப்படியே நின்றுபோகும். கலிபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள், அதே மாதிரியான இன்னொரு கம்ப்யூட்டரைச் சோதனைக் கூடத்தில் வைத்து, நடப்பதையெல்லாம் குறிப்பெடுக்கும் டிரேஸ் வசதியோடு மணிக்கணக்கில் ஓடவிட்டார்கள். அங்கே குறிப்பெடுத்தது கம்பி அல்ல, மென்பொருள். ஆனால் தேடியது அதே 'எப்படி வந்தது' என்ற பதிலைத்தான். அதிகாலையில், ஒரே ஒரு பொறியாளர் தவிர மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்ட நேரத்தில், ரீசெட் நடந்தது. குறிப்பைப் படித்தார்கள். அவசர வேலை ஒன்று, வானிலை பார்க்கும் சின்ன வேலையிடம் மாட்டியிருந்த ஒரு பொருளுக்காகக் காத்திருந்தது. சின்ன வேலையோ, நடுத்தர வேலைகள் வழிவிடாததால் நகர முடியாமல் நின்றது. பூமியிலிருந்தே ஒரு சிறு மாற்றத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

கூச வைக்கும் பகுதி வேறு. கிளம்புவதற்கு முந்தைய சோதனைகளிலேயே இந்த மாதிரி ரீசெட் ஒன்றிரண்டு முறை வந்திருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியவில்லை. ஹார்டுவேர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

நல்லவேளை, குறிப்பெடுக்கும் வசதியை அனுப்பும் முன்பு நீக்கவில்லை. நம் ஊர் சிப்களுக்கும் இந்த முடிவு இப்போது வந்து நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' புராசஸர் 2018-ல் சிப்பாகக் கைக்கு வந்தது. அதே வழியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிக்காகச் செய்த சிப் 2025-ல் அறிவிக்கப்பட்டது. வாங்கிய சிப்பில் டிரேஸ் இருக்கிறதா என்று நாம் பட்டியலில் பார்த்தால் போதும். சொந்தமாகச் செய்கிறவர்கள், தப்பு வரும் முன்பே, அதைப் பார்க்கும் ஜன்னலுக்குச் சிலிக்கானில் இடம் ஒதுக்க வேண்டும்.

முதலியார்பேட்டை மாடிக்கு வருவோம். வியாழன் இரவு, வாட்ச்டாக் கடிக்கப்போகும் நேரத்தில் பதிவை நிறுத்து என்று கருவிக்குச் சொல்லிவிட்டு, அவர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். கருவி பழைய குறிப்புகளை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். நின்றதும் கடைசி சில நொடிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். விடியற்காலை 4 மணி வாக்கில் பீப் சத்தம் கேட்டது. அதிர்ஷ்டம்தான். இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதாகக்கூட இருந்திருக்கும். கருவியோ அன்று மாலை போக வேண்டியது.

குறிப்பைப் பின்னோக்கிப் படித்தார். முக்கிய புரோகிராம் திரைக்கு ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, 'தயார்' கொடி எழுவதைப் பார்க்கப் போகிறது. சரியாக அந்தச் சில மைக்ரோ விநாடி இடைவெளியில், ஊசிக்குழாய் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் கூப்பிடுகிறது. புராசஸர் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அங்கே ஓடுகிறது. அந்த அவசர வேலையும் திரையில் ஒரு சின்னம் போடுகிறது; போட்டுவிட்டு, எழுந்திருந்த கொடியை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. முக்கிய புரோகிராம் வந்து பார்க்கிறது. கொடி இல்லை. காத்திருக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்த நேரத்தில் பஸ் போய்விட்டது தெரியாமல் ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரி.

திருத்தம் எட்டு வரி. அவசர வேலை இனித் திரையைத் தொடாது. 'சின்னம் போட வேண்டும்' என்று ஒரு குறிப்பு மட்டும் வைத்துவிட்டுத் திரும்பும். திரைக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு கால வரம்பு வைத்தார். ரீசெட் ஆனாலும் மில்லிக் கணக்கு அழியாத இடத்தில் எழுதப்படும்படி மாற்றச் சொல்லித் தனியாகக் கடிதம் எழுதினார். வாட்ச்டாக் இனி ஒருநாளும் குரைக்காது என்று அவரால் சொல்ல முடியாது அல்லவா?

வெள்ளிக்கிழமை மாலை கருவி திரும்பிப் போனது. ரிப்போர்ட் போகவில்லை. திருத்திய புரோகிராம் பத்து நாள் ஓடட்டும், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மேலாளர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். அடுத்த போர்டுக்கான வரைபடத்தில் அந்தப் பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் 'வைக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். செலவைக் குறைக்க டிரேஸ் பிளக்கையே எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறதாம். அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.